சின்னது குறைச்சாச்சா?

எங்கள் நீச்சல் குளத்தில் இரண்டு பம்ப்புகள் இருந்தன. ஒன்று மெஷின் அறையில், என் பொறுப்பில். குளத்துத் தண்ணீரை உறிஞ்சி, வடிகட்டி, மருந்து கலந்து திரும்ப அனுப்பும். இன்னொன்று நீச்சல் டீச்சரின் இடுப்பில். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அவர் வயிற்றுக்குப் போகும். தோலுக்கு அடியில் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இன்சுலின் இறக்குவது அதன் வேலை.

அந்தப் பெட்டியை அவர் முதன்முதலில் மாட்டிக்கொண்டு வந்த வாரமே ஒரு கூத்து நடந்தது. "அண்ணா, பம்ப் நின்னுடுச்சு!" என்று கதவருகில் நின்று கத்தினார். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மோட்டார் பக்கம் ஓடினேன். மோட்டார் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் அவர் சட்டையைக் கொஞ்சம் விலக்கிப் பெட்டியைத் தட்டிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கே பேர் வைத்துவிட்டோம். என்னுடையது பெரியது, அவருடையது சின்னது. ஒன்பது வருஷம் அந்த இரண்டு வார்த்தைகள் எங்களை ஏமாற்றவில்லை.

டீச்சருக்கு இப்போது நாற்பத்தேழு வயது. பதினோராவது வயதில் கணையம் கையை விரித்துவிட்டது. அன்றிலிருந்து ஊசி, கடைசி ஒன்பது வருஷமாக இந்தப் பெட்டி. நீச்சல் கற்க வரும் பெரிய மனிதர்கள் அதைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "சின்ன வயசுல ஸ்வீட் ரொம்ப சாப்பிட்டீங்களோ?" என்பதுதான். முதலில் பொறுமையாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு "ஆமா, ஒரு லாரி நிறைய" என்று சொல்ல ஆரம்பித்தார். இப்போது எதுவும் சொல்வதில்லை. "காலை நீட்டி உதைங்க" என்கிறார், அவ்வளவுதான்.

இந்த வியாதியும் நீச்சலும் ஒத்துப்போவது அத்தனை சுலபம் இல்லை. நீந்தும்போது சதை தானாகவே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதோடு இன்சுலினும் வழக்கமான அளவில் இறங்கியிருந்தால் சர்க்கரை மளமளவென்று சரிந்துவிடும். தண்ணீரில் இறங்கும்போது பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டால் போதாதா என்று நானே ஒருமுறை புத்திசாலி மாதிரி கேட்டேன். "இஸ்திரிப் பெட்டியோட பிளக்கைப் பிடுங்கின உடனே கையை வைப்பீங்களா அண்ணா?" என்றார். ஏற்கெனவே உள்ளே போன மருந்து ஒன்றிரண்டு மணி நேரம் வேலை செய்துகொண்டுதான் இருக்குமாம். அதனால் நீந்துவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே பெட்டியில் அளவைக் குறைக்க வேண்டும். ரொம்பக் குறைத்தால் சர்க்கரை ஏறி வாய் வறண்டு தலை வலிக்கும். குறைக்காவிட்டால் கை நடுங்கும், கண் இருட்டும். எல்லாம் சரியாகச் செய்தாலும் ராத்திரி தூக்கத்தில் ஒரு தடவை இறங்கிப் பார்க்கும். அதற்காக மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் அவர் வீட்டுக்காரர் அலாரம் வைத்து எழுந்துகொள்வார். கவலைப்பட்டாலும் ஏறும், வெயில் அடித்தாலும் மாறும். நேற்று சரியாக வந்த கணக்கு இன்றைக்கு வராது. இதைக் கேட்கிற எனக்கே அசதியாக இருக்கும். முப்பத்தாறு வருஷமாக ஒரு நாள் லீவு இல்லாமல் இதைச் செய்கிறவரை என்ன சொல்ல?

எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. காலை வகுப்பு நடக்கும்போது அவருக்குக் கடிகாரம் பார்க்க நேரம் இருக்காது. அதனால் அதை நான் பார்ப்பேன். மெஷின் அறை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. தண்ணீரில் மருந்து எவ்வளவு, வடிகட்டி கழுவியது எப்போது என்று எழுதுவதற்காக மாட்டியது. அதன் கீழ் மூலையில் 'சின்னது' என்று எழுதி நேரத்தைக் குறிப்பேன். நேரம் வந்ததும் "சின்னது குறைச்சாச்சா?" என்று குரல் கொடுப்பேன். அவர் "குறைச்சாச்சு" என்பார். நான் ஒரு டிக் போடுவேன். தண்ணீரில் இறங்கும் முன் பெட்டியைக் கழற்றி என் மேசையில், மின்விசிறிக்கு நேராக, ஒரு டப்பாவில் வைப்பார். ஒரு மணி நேரம் ஆனதும் "சின்னது!" என்று கத்துவேன். வெளியே வந்து மாட்டிக்கொள்வார். இருபத்தாறு வருஷமாகக் குளத்தைப் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு நீச்சல் தெரியாது. ஆனால் டீச்சர் தண்ணீரில் இருக்கும் நேரமெல்லாம் காவல் நான்தான் என்று கொஞ்சம் கர்வமும் இருந்தது.

வருஷத்துக்கு ஒரு தடவை அவருக்கு ஒரு பரீட்சை. குளத்தில் யாராவது மூழ்கினால் காப்பாற்றத் தெம்பு இருக்கிறதா என்று வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். ஆள் கனத்துக்கு ஒரு ரப்பர் பொம்மையை இழுத்து வர வேண்டும். அடியில் கிடக்கும் எடையை முங்கி எடுக்க வேண்டும். கையைத் தூக்கிக்கொண்டு காலாலேயே மிதக்க வேண்டும். கடைசியாக இருபது தடவை குளத்தின் குறுக்கே நீந்த வேண்டும், பன்னிரண்டு நிமிஷத்துக்குள். சுவரைத் தொட்டுத் திரும்பலாம், பிடித்து நிற்கக் கூடாது. நின்றால் ஃபெயில். ஃபெயில் என்றால் அடுத்த நாளிலிருந்து டிக்கெட் ஜன்னல்தான்.

"ஜன்னல்ல உக்காந்தா என்ன டீச்சர்? நிழல், நாற்காலி, ஃபேன்" என்று போன வருஷம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன்.

அவர் என்னை முறைக்கவில்லை. முறைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தண்ணியில மட்டும்தான் அண்ணா நான் நோயாளி இல்ல. டீச்சர். அதையும் எடுத்துட்டா வெறும் சர்க்கரைதான் மிச்சம்" என்றார்.

இந்த வருஷப் பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு, எங்கள் மேனேஜர் குழந்தைகள் குளத்துக்குத் தனியாக ஒரு புது பம்ப் வாங்கி வைத்தார். குட்டி பம்ப். வந்த அன்றே எல்லோரும் அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? சின்னது. 'சின்னது சத்தம் போடுது', 'சின்னதுல லீக்' என்று மூன்று நாளும் அதே பேச்சு. என் காதில் அது விழாமலா இருந்தது? விழுந்தது. ஆனால் மண்டையில் ஏறவில்லை. அந்தக் குட்டி பம்ப் தண்ணீரை வேகமாக அடித்து, பிள்ளைகள் மூக்கில் ஏறி, அம்மாக்கள் மேனேஜரைப் பிடித்து வாங்கினார்கள். வேகத்தைக் குறைக்க ஒரு பிளம்பர் வந்திருந்தார்.

பரீட்சை நாள் காலை. ஆறு மணி வகுப்பை டீச்சர் முடித்துவிட்டார். பரீட்சை பத்து மணிக்கு. எட்டரை ஆனதும் நான் வாசலில் நின்று வழக்கம்போலக் குரல் கொடுத்தேன்.

"சின்னது குறைச்சாச்சா?"

"குறைச்சாச்சு!" என்று பதில் வந்தது.

டிக் போட்டேன். அந்தப் பதில் ஆண் குரலில் வந்தது என்பதை நான் கவனிக்கவே இல்லை. மோட்டார் இரைச்சலில் இருபத்தாறு வருஷம் இருந்தவன் காதுக்கு ஆண் குரல் என்ன, பெண் குரல் என்ன? குழந்தைகள் குளத்துக்கு அந்தப் பக்கம் குனிந்திருந்த பிளம்பர்தான் பதில் சொன்னார். லாக்கர் வராந்தாவில் இருந்த டீச்சருக்கும் என் குரல் கேட்டிருக்கிறது. பிளம்பரைத்தான் கேட்கிறேன் என்று நினைத்திருக்கிறார். மூன்று நாளாக அந்த வார்த்தை அவருடையதாக இல்லையே.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பெட்டியைக் கழற்றி டப்பாவில் வைக்க வந்தார். முகம் வெளிறியிருந்தது. "நூத்தி அறுபத்திரெண்டு" என்றார். பரீட்சை பயத்தில் சர்க்கரை ஏறியிருந்தது, அதனால் பார்க்க நல்ல எண்ணாகத் தெரிந்தது. பலகையைப் பார்த்தார். டிக் இருந்தது. ஒரு கணம் நின்றார். பல நாள் கழித்து அவரே என்னிடம் சொன்னது இது: "நான் எப்போ குறைச்சேன்னு யோசிச்சேன். ஞாபகம் வரல. வீட்டைப் பூட்டினோமான்னு யாருக்கு ஞாபகம் இருக்கு? பூட்டியிருப்போம்னு போயிடுவோம்ல, அப்படித்தான் போயிட்டேன். பெட்டியோட திரையில ஒரு குறி இருக்கும், குறைச்சிருந்தா தெரியும். அதைக்கூடப் பாக்கல. பாத்துப் பாத்துக் கண்ணு சலிச்சுப்போச்சு அண்ணா."

அதிகாரி கையில் ஸ்டாப்வாட்ச்சோடு நின்றார். ஒல்லியான மனிதர், சிரித்தால் சம்பளம் பிடிப்பார்கள் என்கிற மாதிரி முகம். மேனேஜர் அவருக்குப் பின்னால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். பொம்மையை இழுத்தார் டீச்சர், ஜோராக. எடையை எடுத்தார், முதல் முங்கிலேயே. மிதந்தார். நடுவில் அதிகாரி காகிதம் நிரப்ப எடுத்துக்கொண்ட நேரமெல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. பிறகு இருபது சுற்று.

பத்துச் சுற்று வரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பதினொன்றாவதில், நீந்தும் பாதையைப் பிரிக்கக் கட்டிய கயிற்றை அவர் இடித்தார். இருபது வருஷத்தில் டீச்சர் கயிற்றை இடித்து நான் பார்த்ததில்லை. கோடு போட்ட மாதிரி போவார். பன்னிரண்டாவதில் மறுபடி இடித்தார். இடது கை தண்ணீரில் விழும் விதம் மாறியிருந்தது. சோப்பு நழுவிய கை மாதிரி விழுந்தது.

"சின்னது!" என்று கத்தினேன்.

அதிகாரி திரும்பிப் பார்த்தார். குழந்தைகள் குளத்திலிருந்து பிளம்பர், "அதான் குறைச்சாச்சுன்னு காலையிலயே சொன்னேனே!" என்று பதிலுக்குக் கத்தினார்.

அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது. காலையில் எனக்குப் பதில் சொன்னது யார் என்று.

டீச்சரின் தலை தண்ணீருக்குள் இருந்தது. என் கத்தல் அவருக்குக் கேட்காது. குதிக்கலாம் என்றால் காப்பாற்ற வேண்டிய ஆள் இரண்டாகும். அதிகாரியிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று பிறகு பல நாள் யோசித்தேன். சத்தியமாக, யோசித்துச் செய்தது எதுவும் இல்லை. கால் தானாக மெஷின் அறைக்குப் போனது. கை தானாகப் பெரிய சுவிட்சை இறக்கியது.

தலை தண்ணீருக்குள் இருந்தால் பெரியதின் ரீங்காரம் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்குமாம். டீச்சர் சொல்வார். அது நின்றால் எல்லோரும் உடனே வெளியே வர வேண்டும் என்பது குளத்துச் சட்டம். ஒவ்வொரு வகுப்பிலும் முதல் நாள் அவர் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமும் அதுதான். சர்க்கரை இறங்கினால் பிடிவாதம் ஏறும். யார் சொன்னாலும் கேட்க மாட்டார், 'எனக்கு ஒண்ணும் இல்ல' என்பார். ஆனால் ரீங்காரம் நின்றதும் அந்த உடம்பு கேட்டது. பதினான்காவது சுற்றின் பாதியில் திரும்பி, சுவருக்கு வந்து, பிடித்துக்கொண்டு, "எல்லாரும் வெளிய வாங்க!" என்று யாருமே இல்லாத குளத்தைப் பார்த்துச் சொன்னார்.

நானும் லாக்கர் அறை அம்மாவும் அவரைத் தூக்கி உட்கார வைத்தோம். குளுக்கோஸ் மாத்திரை எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான்கு மாத்திரைகளை அவர் வாயில் போட்டேன். விரலைக் குத்திப் பார்த்தால் நாற்பத்தொன்பது. எழுபதுக்குக் கீழே போகவே கூடாது.

அதிகாரி வந்தார். "என்ன ஆச்சு? மெஷின் ஏன் நின்னுச்சு?"

"நான்தான் நிறுத்தினேன் சார்."

"எதுக்கு?"

"சின்னது குறைக்கல சார்" என்றேன். எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

மேனேஜருக்கு அது போதும். குட்டி பம்ப், அதன் அழுத்தம், பெரிய பம்ப்பில் அதனால் வரக்கூடிய கோளாறு என்று இல்லாததையும் பொல்லாததையும் சேர்த்துப் பத்து நிமிஷம் விளக்கினார். பிளம்பர், "நான் குறைச்சேன் சார், என் மேல பழி போடாதீங்க" என்று தன் பங்குக்கு ஆடினார். அதிகாரி கையை உயர்த்தி இருவரையும் நிறுத்தினார். குளத்தின் மெஷின் நின்றால் பரீட்சை செல்லாது, இரண்டு வாரம் கழித்து வருகிறேன் என்று எழுதிக்கொண்டு போனார். டீச்சர் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். களைப்பு என்று அதிகாரி நினைத்திருப்பார்.

எல்லோரும் போன பிறகு டீச்சர் கேட்டார், "ஏன் நிறுத்துனீங்க? இன்னும் ஆறேதான் பாக்கி."

"ஆறு சுத்தா? ஆறு கை வீச்சுக்கு மேல உங்களால முடிஞ்சிருக்காது."

"முடிச்சிருப்பேன்."

"டீச்சர், டிக் போட்டது நான். பதில் சொன்னது பிளம்பர். உங்களை நான் கேக்கவே இல்ல."

அவர் பலகையைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டுவதற்குக்கூடத் தெம்பு இல்லை அவரிடம். "தப்பு உங்களோடது இல்ல அண்ணா. என் உடம்பை இன்னொருத்தர் எழுதின டிக்கை வெச்சு நம்பினேன் பாருங்க, அதுதான் தப்பு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. குளத்தில் கலக்கும் குளோரின் டப்பாவைத் திறந்து மூடி, கண் எரிகிற மாதிரி நடித்தேன்.

கிளம்பும்போது, "நாம பொய் சொல்லலையே?" என்று கேட்டார்.

"ஒரு எழுத்துகூட இல்ல."

"அப்புறம் ஏன் இப்படி இருக்கு?"

இரண்டு வாரமும் அவர் முகம் சரியாக இல்லை. விண்ணப்பம், டாக்டர் சான்றிதழ் என்று வாழ்நாள் முழுக்க வியாதியை எழுதிக் கொடுத்தே பழகிய மனுஷி. முதல்முறை எழுதாமல் விட்டது அவரைத் தின்றது. நான் எவ்வளவோ சொன்னேன். "வாயை மூடிக்கிட்டு நீந்திட்டு வாங்க. கேட்டாதானே சொல்லணும்?" என்றேன். கேட்டுக்கொள்ளவில்லை.

மறுபடி பரீட்சை. அதிகாரி ஸ்டாப்வாட்ச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் நேராக அவரிடம் போனார். நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்தேன்.

"சார், அன்னிக்கு மெஷின் கோளாறு இல்ல. எனக்குச் சர்க்கரை இறங்கிடுச்சு. என்னை வெளிய வர வைக்கத்தான் இவர் பம்ப்பை நிறுத்துனார். சின்னதுன்னு நாங்க சொல்றது இதை" என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "குறைக்க மறந்துட்டேன். நீங்க ஃபெயில்னு எழுதினாலும் எழுதுங்க."

அதிகாரி பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காகிதத்தில் இரண்டு வரி எழுதினார். என்ன எழுதினார் என்று இன்றுவரை தெரியாது. பேனாவைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு, "இன்னிக்குச் சின்னது குறைச்சாச்சா?" என்று கேட்டார்.

டீச்சர் பெட்டியை எடுத்துத் திரையில் இருந்த குறியை அவருக்கே காட்டினார். "எட்டரைக்கே குறைச்சாச்சு சார்."

"அப்ப இறங்குங்க."

பதினொரு நிமிஷம் நாற்பத்தொன்பது நொடி. பதினொரு நொடி மிச்சம். நான் கை தட்டினேன், குட்டி பம்ப்பைப் பார்க்க மறுபடி வந்திருந்த பிளம்பர்கூடத் தட்டினார். டீச்சர் ஏணியில் ஏறி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. விரலைக் குத்தினார். நூற்று எட்டு. பெட்டியை மாட்டிக்கொண்டார்.

"பாஸ் டீச்சர்!" என்றேன்.

"ம்."

"என்ன 'ம்'? சிரிங்களேன்."

"பெரியதுக்கு வருஷத்துக்கு ஒரு நாள் சர்வீஸ்னு நிறுத்தி வைக்கிறீங்க இல்ல அண்ணா?" என்றார். "இதுக்கு அந்த ஒரு நாளும் இல்ல. அடுத்த வருஷம் மறுபடி இறங்கணும். அதுக்கு அடுத்த வருஷமும். எனக்கு ரொம்ப அசதியா இருக்கு."

ஆறுதலாக ஏதாவது சொன்னால் கோபப்படுவார் என்று எனக்குத் தெரியும். பலகைக்குப் போனேன். 'சின்னது' என்று எழுதியிருந்ததை அழித்துவிட்டு 'டீச்சர்' என்று எழுதி, பக்கத்தில் நேரத்தைக் குறித்தேன். சாக்பீஸை அவரிடம் நீட்டினேன்.

அவர் ஈரக் கையோடு எழுந்து வந்தார். இடுப்பில் இருந்த திரையை ஒரு முறை பார்த்தார். பிறகு டிக்கை அவரே போட்டார்.